தாம்பரம் – வேளச்சேரி சாலைக்கு எது வேண்டும்: மெட்ரோவா, லைட் ரயிலா?

கேள்வி: நாங்கள் சேலையூரில் இருக்கிறோம். தாம்பரம் – வேளச்சேரி பாதைக்கு முதலில் லைட் ரயில் என்றார்கள், இப்போது மெட்ரோ என்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் "சுரங்க மெட்ரோ தந்தால் தாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்கிறார்கள். டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பாவோ, "லைட் ரயிலுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள், நாங்கள் பட்டது போதும்" என்கிறார். உண்மையில் எது சரி? மேடவாக்கம் பக்கம் மனை பார்க்கிறோம், அதனாலும் கேட்கிறேன்.

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாலைக்குத் தரையில் ஓடும் லைட் ரயில் சரிப்படாது. சுரங்கமும் தேவையில்லை. மூன்று பெட்டி ரயில்கள் அடிக்கடி ஓடும் உயர்மட்ட மெட்ரோ போதும், ஆனால் அது வேளச்சேரியோடு நின்றுவிடாமல் கிண்டி வரை போக வேண்டும். இதை வைத்து லைட் ரயிலே மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே லைட் ரயிலைப் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையில் போடச் சொன்னால் நான் கையைத் தூக்குவேன்.

மெட்ரோவுக்கும் லைட் ரயிலுக்கும் உள்ள வேறுபாடு பெட்டியின் பளபளப்பில் இல்லை. இரண்டும் மின்சாரத்தில் ஓடுகின்றன, இரண்டிலும் ஏசி உண்டு. பாதை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2019 ஜூலையில் 'மெட்ரோலைட்' என்று ஒரு தரநிலையை வெளியிட்டது. மூன்று பெட்டி, சுமார் 300 பயணிகள், அதிகபட்ச வேகம் 60 கி.மீ., முடிந்த இடமெல்லாம் சாலையிலேயே வேலி போட்டுப் பிரித்த தனித்தடம். மெட்ரோ செலவில் 40 சதவீதம்தான் ஆகும் என்பதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டிய வரி. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ஏறக்குறைய 15.5 கி.மீ. நீளத் தாம்பரம் – வேளச்சேரி பாதைக்கு லைட் ரயிலை ஆராய்ந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

அந்த 40 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தூண் இல்லை. நிலையம் என்பது கூரை போட்ட ஒரு நடைமேடை, பெரிய பஸ் ஸ்டாப் என்றே சொல்லலாம். எஸ்கலேட்டர் இல்லை, ஸ்கேனர் இல்லை, டிக்கெட் கேட் இல்லை, சீட்டை வண்டிக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்வார்கள். ஆக, சாலை இடம் கொடுத்தால்தான் இந்தச் சிக்கனம். "இடம் இல்லை, தூண் போட்டு மேலே தூக்குங்கள்" என்று ஆரம்பித்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கடைசியில் முக்கால் மெட்ரோ விலையில் கால் மெட்ரோ கொள்ளளவு கிடைக்கும். இந்தியாவில் பல ஊர்களுக்கு மெட்ரோலைட் அறிக்கைகள் எழுதப்பட்டும் எதுவும் ஓட்டத்துக்கு வராததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. 300 பேர் ஏறும் வண்டி மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் ஒரு திசையில் மணிக்கு 6,000 பேர். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வாங்கியிருக்கும் மூன்று பெட்டி, ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலில் நெருக்கி நின்றால் ஏறக்குறைய 1,000 பேர் போகலாம். அதே மூன்று நிமிடத்துக்கு மணிக்கு 20,000. இந்தச் சாலைக்கு 20,000 வேண்டுமா என்றால் இன்றைக்கு வேண்டாம். 6,000 போதுமா என்றால் திறந்த சில வருஷத்திலேயே பற்றாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சாலை இது. அதனால்தான் திட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இனி தரைத்தடம். மாலை ஆறரை மணிக்குக் கேம்ப் ரோடு சந்திப்பில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். வி51 பஸ் சந்திப்பைத் தாண்ட முடியாமல் சிக்னலுக்கு முன்பே கதவைத் திறந்து ஆட்களை இறக்கிவிடும். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் இரண்டு வரிசையாக நின்று ஆள் கூப்பிடும். அகரம்தென் பக்கம் திரும்ப வேண்டிய தண்ணீர் லாரி நடுச்சாலையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் முன்சக்கரத்துக்கும் மீடியனுக்கும் நடுவில் ஸ்கூட்டர்கள் நுழையும். இந்த இடத்தில் சாலை நடுவே இருவழித் தடம் போட ஏழெட்டு மீட்டர் அகலத்தை எடுத்தாக வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் இரு திசையும் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை சந்திப்பை மறிக்க வேண்டும். ரயிலுக்கு முன்னுரிமை கொடுத்தால் அகரம்தென் சாலை நகராது. கொடுக்காவிட்டால் ரயிலும் வி51-க்குப் பின்னால் நிற்கும், அப்புறம் அதற்கு ரயில் எதற்கு?

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம் எல்லாம் இதே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள். மேடவாக்கத்தில் வேறு சிக்கல். அங்கே 2022-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட, சுமார் இரண்டு கிலோமீட்டர் மேம்பாலம் இந்தச் சாலையின் மேலேயே படுத்திருக்கிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது மெட்ரோ தடமும் மேடவாக்கம் கூட்டுரோடு வழியாகத்தான் போகிறது. மூன்றாவதாக ஒரு பாதையை அங்கே எந்த உயரத்தில் கொண்டுபோவது என்பது பொறியாளர்களுக்கு நல்ல தலைவலி. மேம்பாலம் கட்டும்போதே பின்னால் வரப்போகும் ரயிலுக்குத் தூணில் இடம் விட்டிருக்கலாம் என்று இப்போது பேசி என்ன பயன்? இந்த ஊரில் நெடுஞ்சாலைத் துறை ஒரு பக்கம் தோண்டும், ரயில்காரர்கள் இன்னொரு பக்கம் அளப்பார்கள்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாகத்தான் இந்தச் சாலை போகிறது. 2015 வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணையை என்ன செய்தன என்று உங்களுக்கே தெரியும். தரையில் தண்டவாளம் இருந்தால் முதலில் நிற்பது அதுதான், ஏனென்றால் தாழ்தள வண்டிகளில் மோட்டார் தரைக்கு மிக அருகில் இருக்கும். மிக்ஜாம் நாளில் பரங்கிமலை மெட்ரோ நிலையத்தின் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தும் மேலே ரயில் ஓடியது. தென்சென்னைப் புறநகருக்கு உயரம் ஒரு வசதி மட்டுமல்ல, மழைக்கால காப்பீடு.

சரி, உங்கள் சித்தப்பாவுக்கு வருவோம். அவர் பட்டது உண்மை, ஆனால் அவர் சொல்லும் பாடம் முழுசாக இல்லை. ஸ்கார்பரோவில் 1985-ல் ஆர்.டி. என்று ஒரு சின்ன ரயில் பாதை திறந்தார்கள், 6.4 கி.மீ., ஆறு நிலையங்கள். அது கென்னடி நிலையத்தில் மேல்மாடியில் வந்து நிற்கும், டவுன்டவுன் போகும் சுரங்க ரயில் பூமிக்கடியில் இருக்கும். குளிர்காலத்தில் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு தினம் இரண்டு வேளை அந்த மாடிப்படிகள். பனி பெய்தால் ரயில் தகராறு செய்யும். "நகரத்துக்கு நல்ல ரயில், எங்களுக்கு மட்டும் பொம்மை ரயிலா" என்ற கோபம் அங்கே பிறந்தது. நம் தமிழ்ச் சனம் பெரிய அளவில் வாழும் இடம் அது, அந்தக் கோபத்தில் அவர்கள் பங்கும் உண்டு.

பழைய ஆர்.டி.க்குப் பதிலாக ஏழு நிலைய லைட் ரயில் போட மாகாண அரசு பணம் தர ஒப்புக்கொண்டிருந்தது. 2010-ல் மேயரான ராப் ஃபோர்ட் புறநகருக்குச் சுரங்க ரயில்தான் என்று கொடி பிடித்தார். 2013-ல் நகர மன்றம் லைட் ரயிலைக் கைவிட்டு மூன்று நிலையச் சுரங்க ரயிலுக்கு ஓட்டுப் போட்டது, அதற்காகச் சொத்துவரியும் ஏறியது. செலவு எகிற, 2016-ல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019-ல் மாகாண அரசு கையில் எடுத்து மறுபடி மூன்றாக்கியது. 2023 ஜனவரியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். அதே வருஷம் ஜூலையில் பழைய ஆர்.டி. ரயில் தடம்புரண்டது, பாதையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இப்போது அந்த மக்கள் பஸ்ஸில் போகிறார்கள், புதிய பாதைக்கு 2030 என்று கணக்கு சொல்லியிருந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர்கள் நிராகரித்த லைட் ரயில் சாலையில் ஓடுவதாக இல்லை. பழைய ஆர்.டி. போன வழியிலேயே, சிக்னலோ காரோ குறுக்கிடாத தனிப்பாதையில் ஓடுவதாக இருந்தது. வேகத்தில் சுரங்க ரயிலுக்குப் பெரிதாகக் குறைந்திருக்காது, நிலையங்களும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 'லைட் ரயில்' என்றதும் எல்லோர் மனதிலும் வந்தது நடுத்தெருவில் காருக்குப் பின்னால் நிற்கும் டிராம். மறுபக்கம், 2025 டிசம்பரில் அதே டொரன்டோவில் திறந்த ஃபின்ச் வெஸ்ட் லைட் ரயில் சாலை நடுவில்தான் ஓடுகிறது. சிக்னலில் போதிய முன்னுரிமை இல்லாமல் ஊர்ந்து போகிறது என்று திறந்த நாளிலிருந்தே திட்டு வாங்கியது. ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு வேறு பண்டம். சித்தப்பாவிடம் "எந்த லைட் ரயில்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதமாக இருக்கும்.

ஆனால் கென்னடி மாடிப்படி விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். அந்தத் தவறைச் சென்னை தன் சொந்தச் செலவில் ஏற்கெனவே செய்திருக்கிறது. பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலம் எடுப்பதில் வழக்கு விழுந்து, பத்து வருஷத்துக்கு மேல் தூண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அத்தனை காலமும் வேளச்சேரி ஒரு முட்டுச்சந்து. நிலையங்களைக் கல்யாண மண்டபம் அளவுக்குக் கட்டி, மாலை ஏழு மணிக்கு மேல் பெண்கள் தனியாக நடக்கத் தயங்கும்படி இருட்டில் விட்டார்கள். நல்ல பாதைதான், சேர வேண்டிய இடத்தில் சேராததால் பாதிப் பயன்கூடத் தரவில்லை.

தாம்பரம் – வேளச்சேரி பாதை வேளச்சேரியிலேயே முடிந்தால் இதே கதிதான். உங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள்? தரமணி, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை), கிண்டி, தி.நகர். வேளச்சேரியில் இறங்கி, படியிறங்கி, ரோடு கடந்து, இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் பைக்கைத்தான் எடுப்பார்கள். கிண்டி வரை நீட்டும் யோசனை பேச்சில் இருக்கிறது. சங்கத்தில் எதற்காவது மல்லுக்கட்டுவதாக இருந்தால் சுரங்கத்துக்கு வேண்டாம், இந்த நீட்டிப்புக்குக் கட்டுங்கள். மேடவாக்கத்தில் ஐந்தாவது தடத்துக்கு மாறுவது ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெயிலில் 400 மீட்டர் நடக்க வைத்துவிட்டு அதை 'இணைப்பு' என்று வரைபடத்தில் போட்டுவிடுவார்கள்.

சுரங்கம் ஏன் வேண்டாம்? பணம் முதல் காரணம். பாதி தூரத்துக்கும் குறைவாகவே சுரங்கம் இருக்கும் இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய், கிலோமீட்டருக்குச் சராசரி 530 கோடிக்கு மேல். முழுக்க உயர்மட்டமான விமான நிலையம் – கிளாம்பாக்கம் பாதைக்கே, 15.46 கி.மீ.க்கு 9,335 கோடி என்று திட்ட அறிக்கை சொல்கிறது, அதில் நிலத்துக்கும் குழாய், கேபிள்களை இடம் மாற்றுவதற்கும் மட்டும் ஏறக்குறைய 2,000 கோடி. தூணில் போனாலே இப்படி என்றால் பூமிக்கடியில் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மண்ணில் நிலையக் குழி வெட்டுவது வேறு வம்பு. முதல் கட்டத்தில் அண்ணா சாலைக்கு அடியில் தோண்டும்போதே ஒப்பந்தக்காரர் பாதியில் போய், வருஷக்கணக்கில் தாமதம் ஆனது. சுரங்கம் என்பது பாரிமுனை மாதிரி, தூண் நடவே வழியில்லாத இடத்துக்கு. சேலையூருக்கு அந்த நிலை இல்லை. வீட்டு முன்னால் தூண் வந்தால் பார்வை கெடும் என்பதைத் தவிர வேறு காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது நியாயமான வருத்தம்தான், ஆனால் பல ஆயிரம் கோடி பெறாது.

வண்டி வகையை முதலில் பிடித்துக்கொண்டு ஊரைப் பின்னால் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 2011-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு மோனோ ரயில் என்றது, 111 கி.மீ., நான்கு தடங்கள். டெண்டர் விட்டார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி விட்டார்கள், ஒரு தூணும் எழவில்லை. அதில் பேசப்பட்ட பூந்தமல்லி – வடபழனி தடத்தில் இன்று நிற்பது மெட்ரோ தூண். அதற்கும் முந்தைய கதை இன்னும் வேடிக்கை. 1895-லேயே மின்சார டிராம் ஓட்டிய ஊர் இது, 1953-ல் மூடிவிட்டு, இப்போது டிராமைப் புதுமை என்று அறிக்கை எழுதுகிறோம்.

200 அடி சாலையில் லைட் ரயிலுக்கு ஏன் ஆதரவு என்று சொன்னேன் அல்லவா? பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் வரை பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், அகலம் தாராளம், பெரும்பாலான இடத்தில் குறுக்குச் சந்திப்புகள் குறைவு. ஒரு முனையில் புறநகர் ரயில், மறுமுனையில் ஓ.எம்.ஆர். மெட்ரோ, நடுவில் கீழ்க்கட்டளை பக்கம் ஐந்தாவது தடம். மூன்று பெரிய பாதைகளைத் தைக்கும் குறுக்குப் பாதைக்கு மணிக்கு 6,000 பேர் தாராளம். சிங்கப்பூரில் செங்காங்கிலும் பொங்கோலிலும் சின்ன ரயில் செய்யும் வேலை இதுதான், பெரிய ரயிலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பது. இங்கும் சதுப்பு நிலப் பகுதியில் தடத்தைச் சற்றுத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் முழு நீளத்துக்கும் இல்லை.

கட்டணத்தைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் 10 ரூபாய். மெட்ரோவில் 10 முதல் 50 வரை. மேடவாக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்து மெட்ரோ ஏறுவாரா? ஏறமாட்டார், வி51-க்குத்தான் நிற்பார். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது நல்ல தொடக்கம். ஆனால் மூன்று கட்டணத்தையும் கூட்டிக் கொடுப்பது வேறு, ஒரே பயணமாகக் கணக்கிட்டுக் குறைப்பது வேறு. ரயில் எதுவாக இருந்தாலும் அதே சாலையில் பஸ் குறையக்கூடாது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக மனை. இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் 2020 நவம்பர், மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர். வேலை மாநிலப் பணத்திலும் கடனிலும் நடந்துகொண்டிருந்தது, ஒப்புதல் வரவே நான்கு வருஷம். உங்கள் பாதை இன்னும் அந்த வரிசையின் வாசலுக்கே வரவில்லை. பத்து வருஷத்துக்குள் ரயில் ஓடினால் நான் மகிழ்ச்சியோடு ஆச்சரியப்படுவேன். எனவே "மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்" என்ற விளம்பரத்துக்காகச் சதுர அடிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மேடவாக்கத்தில் ஐந்தாவது தடம் கண்ணெதிரே வந்துகொண்டிருக்கிறது, அதற்குக் கொடுத்தால் ஒரு நியாயம் இருக்கிறது. வாங்கும் மனை பிரதான சாலையை ஒட்டி இருந்தால், தடத்துக்கு அருகில் வீடு கட்ட மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பத்திரத்தோடு சர்வே எண்ணையும் கையில் எடுத்துப் போய் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.